கைராசிக்காரியும் மலைத் தேன்சிட்டும்

நீங்கள் வேலை செய்யும் இடத்தில், உள்ளே இருப்பது காற்றா நஞ்சா என்று தெரிந்துகொள்ளக் கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பறவையை முன்னால் அனுப்பி, “அது சாகவில்லை, இனி நீ போ” என்று முதலாளி சொன்னால் போவீர்களா?

போக மாட்டேன் என்பீர்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எளிது. 1976-இல் தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்ற நாற்பது பேர் போனார்கள். கப்பல் வந்தபோதெல்லாம் போனார்கள். அவர்களுக்கு முன்னால் பறவைக் கூண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக உள்ளே போய், “வாங்க” என்று குரல் கொடுத்தவள் ஞானபாக்கியம்.

சாயர்புரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தாள். கணவன் எபனேசர் கொழும்புக்குப் போன தோணியோடு போனான். தோணியும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. அதன் பிறகு அவளும் அவள் நாத்தனார் ஜீவமணியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கிட்டங்கிக்கு வேலைக்குப் போனார்கள்.

சாத்தான்குளத்துப் பக்கம் விளையும் நிலாவாரை இலை காய்ந்து மூட்டையாகி அந்தக் கிட்டங்கிக்கு வரும். ஐரோப்பாவில் மலச்சிக்கல்காரர்களுக்கு அது மருந்து. அவர்களுக்குக் காலையில் வயிறு நிம்மதியாகக் கழிய வேண்டும் என்பதற்காக இங்கே பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியையும் கல்லையும் பொறுக்கி எறிந்து இலையைச் சுத்தம் செய்தார்கள். இலைத் தூசி தொண்டைக்குள் போனால் பொறுக்குகிறவளுக்கே வயிறு கலங்கும். “வெள்ளக்காரன் காசு குடுத்து வாங்குதான், நமக்கு ஓசியில கெடைக்கி” என்று ஜீவமணி சொல்லுவாள். அவளுக்கு எதையும் கேலி செய்தால்தான் மூச்சு விட முடியும்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன் மூட்டைகளில் பூச்சி இருக்கக் கூடாது. அதற்காகக் கதவு இடுக்குகளில் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டி, உள்ளே மீதைல் புரோமைடு என்ற வாயுவைத் திறந்துவிடுவார்கள். கூலிகள் அதைப் புகை மருந்து என்றார்கள். ஆனால் புகையே கிடையாது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. காற்றைவிடக் கனமானது, ஆகவே தரையோடு கிடக்கும். மூட்டை அடுக்குகளின் சந்துகளில் தேங்கி நிற்கும். அந்தத் தரையில்தான் பெண்கள் குனிந்து பெருக்க வேண்டும்.

பழைய நாட்களில் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மறுநாள்தான் வேலை. புதிய துறைமுகம் வந்த பிறகு அந்த நிதானம் போய்விட்டது. கப்பல் காத்து நின்றால் முதலாளிக்கு நட்டம். கதவைத் திறந்த கையோடு மூட்டை வெளியே வர வேண்டும்.

வாயு போய்விட்டதா என்று சோதிக்க ஒரு விளக்கு உண்டு. சுடர் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் உள்ளே நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். வாயு உருளைகளோடு அந்த விளக்கும் பெட்டியில் வந்தது. அது எரிய ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்கு வந்துவிட்டதால் ஸ்பிரிட் வாங்க அனுமதி வாங்க வேண்டும். முதலாளி அதற்கு அலையத் தயாராக இல்லை. “ஸ்பிரிட்ட வாங்கி வச்சா கூலிக்காரப் பயலுவ குடிச்சிருவானுவ” என்றார். விளக்கு அலமாரிக்குள் போயிற்று.

மேஸ்திரி அருமைநாயகம் மாற்று வழி கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் சீமைச் சுரங்கங்களில் பறவையைக் கூண்டோடு கொண்டுபோவார்களாம், கெட்ட காற்று பட்டால் பறவை முதலில் விழுமாம், மனிதன் தப்பி ஓடிவிடுவானாம். யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். அது உண்மைதான். அங்கே இருந்தது உடனே கொல்லும் வாயு. இங்கே இருந்தது வேறு வாயு என்று அவர் யோசிக்கவில்லை. அறிவியலிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்து, ஏன் என்ற கேள்வியை விட்டுவிட்டால், மிஞ்சுவது மூடநம்பிக்கைதான்.

முதலில் தினைக்குருவியைக் கொண்டுபோனார்கள். அது எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியவில்லை. அதன் பிறகுதான் மலைத் தேன்சிட்டு வந்தது. மேற்கு மலைக்காட்டில், காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த கல்யாண முருங்கைப் பூக்களில் தேன் குடித்துத் திரிவது. ஆணுக்கு முதுகு ரத்தச் சிவப்பு, தொண்டை ஊதா, வயிறு மஞ்சள். பெண்ணுக்கு இலை வாடிய நிறம், வாலடியில் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு. ஒரு நொடி சும்மா இருக்காது. காப்பி மூட்டை ஏற்றி வரும் லாரிக்காரர் அஹமது கபீர் மலையடிவாரத்தில் யாரிடமோ சொல்லிவைத்துப் பிடித்துக்கொண்டு வருவார்.

“நம்ம ஊர்லயும் தேன்சிட்டு இருக்கே அண்ணாச்சி, முருங்கப் பூவுக்கு வருதே” என்று ஞானபாக்கியம் ஒரு நாள் கேட்டாள்.

“அது கருவாட்டு நாத்தத்துக்கும் கரிப் புகைக்கும் பழகினதுளா. மலைக் குருவி சுத்தமான காத்து குடிச்சி வளந்தது. கெட்ட காத்து லேசாப் பட்டாலும் பொத்துன்னு விழுந்துரும்” என்றார் அருமைநாயகம். எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்!

பறவையைத் தூக்கிக்கொண்டு போக முதலில் ஓர் ஆள் இருந்தான். அவன் கையில் பறவை உள்ளேயே செத்தது. இன்னொருத்தியிடம் கொடுத்தார்கள், அதுவும் செத்தது. ஞானபாக்கியம் கையில் கொடுத்தார்கள், சாகவில்லை. அடுத்த முறையும் சாகவில்லை. அன்றோடு அவள் கைராசிக்காரி ஆகிவிட்டாள். இனி வேறு யாரும் கூண்டைத் தொடக் கூடாது என்றார்கள் பெண்கள். கதவு திறக்கும்போது அருமைநாயகம் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வார். பிறகு அவள் உள்ளே போவாள்.

உள்ளே போவது எப்படி இருந்தது என்று அவள் பின்னாளில் சொன்னாள். ஒட்டிய காகிதம் கிழியும், கதவு திறக்கும். உள்ளே இருட்டு, இருபுறமும் சுவர் மாதிரி மூட்டைகள். இலை வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. அதுதான் பயம். வாசனை வந்தால் ஓடிவிடலாம். கூண்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிறகடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே கடைசிச் சுவர் வரை போக வேண்டும். மூச்சை அடக்கிப் பார்ப்பாள், முடியாது. சிறகடிப்பு ஒரு கணம் நின்றால் அவள் கால்களும் நின்றுவிடும். பறவை குப்பியில் சீனித் தண்ணீர் குடிக்க நின்றிருக்கும், அவ்வளவுதான். கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டு, “வாங்க” என்று கத்துவாள். அந்த ஒரு சொல்லுக்கு நாற்பது பேர் உள்ளே வருவார்கள்.

அவள் கொண்டுபோன பறவை கிட்டங்கியில் சாகவில்லை. அது அவள் வீட்டில் செத்தது. அன்றைக்கு உள்ளே போய் வந்த பறவை மறுநாள் விடியும்போது கூண்டின் அடியில் கால் வெட்டி இழுத்துக்கொண்டு, தலை பின்னால் வளைந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதை மறைக்கவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். மலைப் பறவைக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அருமைநாயகமும் அதையே சொன்னார், அஹமது கபீரும் அதையே சொன்னார். அடுத்த லாரியில் வேறு பறவை வந்தது.

அவளுக்கும் உடம்பில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. கையில் எடுத்த சோற்றுத் தட்டு நழுவியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு கதவு நிலையில் போய் இடித்தாள்.

“மதினி, மதுவிலக்கு காலத்துல ஒங்களுக்கு மட்டும் எங்கன கெடைக்கி? எனக்கும் ஒரு மடக்கு தரக் கூடாதா?” என்றாள் ஜீவமணி.

“நாக்க அறுத்துருவேன், கெட” என்று சிரித்தாள் ஞானபாக்கியம். சிரித்தாளே தவிர, அன்று முழுக்கத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருக்குகிற பெண்களில் ஒருத்திக்கு நாக்குக் குழறியது. ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாந்தி எடுத்தவர்களுக்கு வெயில் என்று பெயர் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் கைவசம் இருந்தது.

அஹமது கபீர் ஒரு முறை ஆணும் பெண்ணுமாக இரண்டு தேன்சிட்டுகளைக் கொண்டுவந்தார். “ஜோடியாக் கெடச்சிச்சி, பிரிக்க மனசு வரல, வச்சிக்கிடு தாயி” என்றார். கிட்டங்கிக் கூண்டு சின்னது, இரண்டைப் போட்டால் ஒன்றையொன்று கொத்தும். ஆகவே ஆண் பறவையை எடுத்துக்கொண்டு போனாள், பெண் பறவையை வீட்டில் ஜன்னல் பக்கம் ஒரு பழைய கூடைக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஆண் பறவை வழக்கம்போல் கால் வெட்டிச் செத்தது. ஞானபாக்கியம் அதைக் கையில் எடுத்தாள். ஜன்னலில் பெண் பறவை கூடைக்குள் தத்தித் தத்திக் கத்திக்கொண்டிருந்தது.

ஜீவமணி தலை வாரிக்கொண்டிருந்தாள். “இதுக்கு உப்புக் காத்து ஒத்துக்கிடுதாக்கும்? ஆம்பளைக்கி மட்டும் தனியா வீசுதோ மதினி, ஒங்க ஊர்க் காத்து?” என்றாள்.

சும்மா சொன்ன கேலி. சொல்லிவிட்டுச் சீப்பைத் தலையில் ஓட்டினாள். ஞானபாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே லாரியில் வந்த பறவைகள். ஒரே வீடு, ஒரே சீனித் தண்ணீர், ஜன்னலில் ஒரே கடற்காற்று. கிட்டங்கிக்குள் போனது ஒன்று, போகாதது ஒன்று. போனது செத்துவிட்டது.

“ஏளா ஜீவமணி.”

“என்ன மதினி, மொகம் வெளுத்திருக்கு?”

“உள்ள போம்போது சாவல. சாயங்காலமும் குடிச்சிச்சி, பறந்துச்சி. இப்பம் சாவுது.” கையில் இருந்த பறவையைக் காட்டினாள். “நானும் நேத்து போனேம்லா. ஒன்னையும் ‘வா’ன்னு கூப்புட்டேம்லா.”

ஜீவமணிக்கு முதல் முறையாகக் கேலி வரவில்லை.

அன்றைக்கே இன்னொரு அறை திறக்க வேண்டியிருந்தது. முன்பு அந்த அறையில் பூச்சி உயிரோடு அகப்பட்டதால், இந்தத் தடவை வாயுவை அதிகமாக விட்டிருந்தார்கள். கப்பல் துறையில் நின்றது. ஞானபாக்கியம் பெண் பறவையைக் கூண்டில் எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம். ஒவ்வொரு அடியிலும், இப்போது விழுவேனோ, இந்த வளைவில் விழுவேனோ என்று.

கிட்டங்கி வாசலில் அருமைநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அண்ணாச்சி, குருவி பொய்யி. மறுநாள்தான் சாவுது. அந்த வெளக்க எடுங்க.”

“எந்த வெளக்கு?”

“அலமாரில பூட்டி வச்சிருக்கியள்லா, அது.”

அவர் முகம் மாறியது. “ஒனக்கு எவன்ளா சொன்னான்? சங்கக்காரனா? அவனெல்லாம் இப்பம் எங்கன இருக்கான்னு தெரியும்லா?”

அது அவசரநிலைக் காலம். சங்க அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. சங்கத்து ஆட்களைக் கொண்டுபோன வேனை ஊரே பார்த்தது. திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்வி போதும், வாய் அடைத்துவிடும். அவள் பின்னால் திரும்பிப் பெண்களிடம் போனாள்.

“இன்னைக்கி யாரும் உள்ள வராதிய. கேஸு இருக்கு.”

“குருவி என்னமாச் சாடுது, பாரு எக்கா. பெறவு என்ன?”

“குருவி சாடும். நாளைக்கிச் சாவும்.”

“நாளைக்கி நம்மளுந்தான் சாவோம்” என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. “நீ உள்ள போயி ‘வாங்க’ன்னு மட்டும் சொல்லு. ஒன் கைராசி போதும் எங்களுக்கு.”

அருமைநாயகம் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். காகிதம் கிழிந்தது. கதவு திறந்தது. உள்ளே அதே இருட்டு. வாசனை இல்லை. ஞானபாக்கியம் கதவு நிலையில் நின்றாள். உள்ளே போனால் செத்துப் போவோம் என்ற பயம் ஒரு பக்கம். போகாவிட்டால் வேலை போகும், வேன் வரும் என்ற பயம் ஒரு பக்கம். முதுகுக்குப் பின்னால் ஜீவமணி துடைப்பத்தோடு நின்றாள். அவளையும் சேர்த்து நாற்பது பேர். ஞானபாக்கியத்தின் சொல்லை அவர்கள் நம்ப மாட்டார்கள். கூண்டை மட்டும் நம்புவார்கள்.

அவள் கூண்டைத் திறந்துவிட்டாள்.

பறவை சட்டென்று வெளியே வந்து, கதவு நிலையைத் தொட்டு, தலைகளுக்கு மேலே ஒரு கோடு மாதிரிப் போய், சுவருக்கு அப்பால் மறைந்தது.

“ஏளா! என்ன காரியம் செஞ்ச!” என்று அருமைநாயகம் கத்தினார்.

“குருவி இல்ல அண்ணாச்சி. இனிமே யாரு போவா?”

அவள் நினைத்தது சரி. ஒருவரும் அசையவில்லை. காரணம் சொன்னபோது சிரித்தவர்கள், கூண்டு காலியானதும் பின்வாங்கினார்கள். அறிவு காப்பாற்ற வேண்டிய உயிர்களை அன்று மூடநம்பிக்கை காப்பாற்றியது. எழுதவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

நடக்கக் கூடாத இன்னொன்றும் நடந்தது. மூட்டை தூக்குகிறவர்களில் சுந்தர்சிங் என்று ஒருவன். பெரிய உடம்பு, பெரிய வாய். அருமைநாயகம் அவனைப் பார்த்து, “ஏலே, ஒரு பொம்பளைக்கிப் பயந்து கப்பல நிறுத்தவா?” என்றார்.

“குருவிதானே வேணும் அண்ணாச்சி? நான் குருவி” என்றான் சுந்தர்சிங். இரண்டு கையையும் விரித்து அடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

“ஏலே சுந்தரு, போவாத! வாலே வெளிய!” என்று ஞானபாக்கியம் அலறினாள்.

உள்ளே இருந்து அவன் கூவுகிற சத்தம் வந்தது. மூட்டைச் சந்துகளில் புகுந்து, தரையோடு கிடந்த ஒரு மூட்டையைப் புரட்டி இழுத்துக்கொண்டு, வேர்த்து ஒழுக வெளியே வந்தான். வாசலில் நின்று மறுபடியும் சிறகடித்துக் காட்டினான். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் துடைப்பத்தை எடுத்தார்கள்.

ஞானபாக்கியம் வாசல்படியில் குறுக்கே படுத்துவிட்டாள். “நாளைக் காலையில இவன் சொகமா எந்திச்சி வந்தாம்னா நான் ஒங்க எல்லாருக்கும் காலக் கழுவி விடுதேன். அதுவரைக்கும் என்ன மிதிச்சிக்கிட்டுதான் போவணும்.”

கைராசிக்காரியை மிதிக்க எவளுக்கும் துணிவில்லை. ஜீவமணி முதலில் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “மதினி மேல கால வைக்கிறவ, மொதல்ல எம்மேல வச்சிட்டுப் போங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

சுந்தர்சிங் சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டான். தலையை வலிக்கிறது என்று சீக்கிரம் படுத்தான். விடியும்போது அவன் மனைவி சண்முகவடிவு போட்ட கூச்சலில் தெருவே கூடியது. கால் வெட்டிக்கொண்டிருந்தது, தலை பின்னால் வளைந்திருந்தது. ஞானபாக்கியம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அந்த வளைவை அவள் எத்தனையோ காலைகளில் கூண்டின் அடியில் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் அடங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று எழுதினார்கள். கிட்டங்கி முதலாளி தரப்பில் கள்ளச்சாராயம் என்றார்கள். ஸ்பிரிட்டைக் குடித்துவிடுவான் என்று பயந்து விளக்கைப் பூட்டி வைத்தவர்கள், அவன் செத்த பிறகும் குடிகாரன் என்றார்கள். கூலிகள் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? பறவையைத் திறந்துவிட்ட பாவம் அவனைப் பிடித்தது என்றார்கள். கைராசி ஒரே நாளில் தரித்திரமாக மாறியது. ஞானபாக்கியத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜீவமணி தானாகவே நின்றுகொண்டாள்.

இப்போது இருவரும் ஏரலில் ஒரு கொடிக்கால் வியாபாரிக்கு ஆத்தூர் வெற்றிலை அடுக்கிக் கொடுக்கிறார்கள். அண்ணியின் விரல்களில் வெற்றிலை நிற்காது, நழுவும். நாத்தனார் எடுத்து அடுக்குவாள். மூடிய அறைக்குள் ஞானபாக்கியம் போக மாட்டாள். கோயிலில்கூட வாசல் பக்கத்துப் பாயில்தான் உட்காருவாள். கைராசி இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவாள். “நான் ‘வாங்க’ன்னு கூப்புட்டுதானே வந்தாவ. அதுல யாருக்கு என்ன ஆச்சோ. இன்னும் எத்தன பேருக்கு என்ன ஆவுமோ.” சொல்லிவிட்டு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பாள்.

அவசரநிலை போய்விட்டது. சங்கத்துப் பூட்டுத் திறந்துவிட்டது. அந்தக் கிட்டங்கியில் இப்போது வேறொருத்தி கூண்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவளுக்கும் கைராசி உண்டாம்.

இதைப் படிக்கிற உங்களில் மூட்டை தூக்குகிறவர் இருப்பீர்கள். கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவர் இருப்பீர்கள். அங்கே பெருக்கப் போகிற பெண்ணின் அண்ணனோ மகனோ கணவனோ இருப்பீர்கள். விளக்கின் சுடர் நிறம் மாறாமல் எரிவதைக் கண்ணால் பார்க்கும்வரை உள்ளே போகவும் வேண்டாம், யாரையும் போக விடவும் வேண்டாம். விளக்கை எடுக்கச் சொல்லித் தனியாகக் கேட்டால் மிரட்டுவார்கள். ஆகவே தனியாகப் போகாதீர்கள். அடுத்த கப்பல் வருகிற அன்று காலையில் உங்கள் வீட்டுப் பெண்ணோடு நீங்களும் நடந்து போங்கள். கதவுக்கு முன்னால் நில்லுங்கள்.